அனல் அடிக்கிற இடத்துல டிரான்ஸ்மிட்டர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஃபீல்டு இன்ஸ்ட்ருமென்ட் பத்தி, அதாவது பிளான்ட்ல பிரஷர், டெம்பரேச்சர், லெவல்னு அளந்து கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்புற டிரான்ஸ்மிட்டர் மாதிரி கருவிங்க பத்தி, கேள்வி அனுப்புங்கன்னு சொல்லியிருந்தோம், வந்ததுல பாதிக்கு மேல சூடு பத்திதான். ஃபர்னஸ், பாய்லர், கில்ன், உருக்குற இடம்னு ஆளாளுக்கு இடம் வேற, ஆனா புலம்பல் ஒண்ணுதான். அதனால இந்தத் தடவை மொத்தமும் அதுக்கே.

கேள்வி: சார், ஃபர்னஸ் பக்கத்துல ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர் இருக்கு. அந்த இடத்துல தெர்மாமீட்டர் தொங்கவிட்டுப் பார்த்தோம், 48 டிகிரிதான் காட்டுது. டேட்டா ஷீட்ல 85 வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கான். அப்படியும் டிஸ்ப்ளே கருத்துப் போகுது, ரீடிங் நகருது. பீஸே மட்டமா?

பதில்: பீஸ் மேல தப்பு இருக்கறதுக்கு சான்ஸ் கம்மி. நீங்க அளந்தது காத்தோட சூட்டை, டிரான்ஸ்மிட்டர் வாங்கறது ஃபர்னஸோட அனலை. அனல் காத்தை சூடாக்கிட்டு வர்றது இல்ல, நேரா பார்க்குற பொருள் மேல போய் விழுது, அதனாலதான் காத்து 48ல இருக்கும்போதே ஹவுசிங் (வெளிக்கூடு) கை வைக்க முடியாம கொதிக்குது. தெர்மாமீட்டர நிழல்ல தொங்கவிட்டிருந்தீங்கன்னா அதுக்கு இந்தக் கதையே தெரிய வாய்ப்பில்ல.

இதுல இன்னொரு விஷயம், அனல் வெப்பநிலையோட நேர் விகிதத்துல ஏறாது, கெல்வின்ல எடுத்துக்கிட்டா நாலாவது அடுக்குல ஏறும். 300 டிகிரில இருக்குற ஒரு கருத்த பரப்பு சதுர மீட்டருக்கு 6 கிலோவாட் விடும், 500ல 20 கிலோவாட், 1000 டிகிரில கிட்டத்தட்ட 149 கிலோவாட். உச்சி வெயில் மொத்தமே 1 கிலோவாட் சுமார்தான்னு யோசிச்சுப் பாருங்க. உங்க ஃபர்னஸ்ல 30 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு பீப் ஹோல் திறந்தே கிடக்குது, உள்ள 1000 டிகிரின்னு வெச்சுக்கோங்க, அதுக்கு நேர் எதிர்ல 1 மீட்டர்ல இருக்குற டிரான்ஸ்மிட்டர் மேல சதுர மீட்டருக்கு 3 கிலோவாட்டுக்கு மேல விழும், அதாவது மூணு சூரியன். காத்து அசையாத இடமா இருந்தா ஹவுசிங் 100 டிகிரியை நெருங்கறதெல்லாம் சாதாரணம். அதையே 2 மீட்டர் தள்ளி வெச்சா 0.8 கிலோவாட், 3 மீட்டர்ல 0.4க்கும் கீழ. சின்ன ஓட்டைன்னா ரெண்டு அடி தள்ளி வெக்கிறதே பெரிய வைத்தியம், ஓட்டைக்கு ஒரு மூடி போடறது அதவிட பெருசு. ஆனா எதிர்ல இருக்குறது முழுக்க சூடான பெரிய சுவர்னா 1 மீட்டர்லருந்து 2 மீட்டருக்கு நகர்த்தி பெருசா ஒண்ணும் மிச்சமாகாது, ஏன்னா அங்க நின்னு பார்த்தாலும் சுவர்தான் கண்ணு முழுக்கத் தெரியுது.

அனலா, சூடான காத்தா, இல்ல பைப் வழியா வர்ற சூடான்னு கண்டுபிடிக்க பெரிய கருவி வேணாம். டிரான்ஸ்மிட்டர் இருக்குற இடத்துல, அத விட கிட்டப் போகாம, உள்ளங்கையை ஃபர்னஸ் பக்கமா ரெண்டு செகண்ட் காட்டுங்க, அப்புறம் நடுவுல ஒரு தகரத்துண்டை பிடிங்க. சட்டுனு அடங்கிட்டா அனல். தகரம் வெச்சும் அதே வெக்கைன்னா காத்து சூடு. ரெண்டும் இல்லாம டிரான்ஸ்மிட்டரோட அடிப்பக்கம், மானிஃபோல்ட் (பைப் வந்து சேர்ற வால்வு கட்டை) பக்கம் மட்டும் கொதிச்சா லைன் வழியா வருது. ஹவுசிங்கையே சுத்திப் பார்த்தாலும் தெரியும்: ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் மஞ்சளாகி நொறுங்கியிருக்கும், டேக் ஸ்டிக்கர் அந்தப் பக்கம் சுருண்டிருக்கும், கேபிள் மேல்தோல் அந்தப் பக்கம் மட்டும் விறைச்சுப் போயிருக்கும்.

அடுத்து கம்யூனிகேட்டர (டிரான்ஸ்மிட்டரோட பேசி உள்ள இருக்குற வேல்யூ படிக்கிற கைக்கருவி) மாட்டி எலக்ட்ரானிக்ஸ் டெம்பரேச்சர்னு ஒரு வேல்யூ இருக்கான்னு பாருங்க, இப்ப வர்ற நிறைய ஹார்ட் (HART, அந்தப் பேச்சுக்கான டிஜிட்டல் முறை) டிரான்ஸ்மிட்டர்ல போர்டு சூட்டை அதுவே அளந்து வெச்சிருக்கும். அத ஒரு ஷிஃப்ட் முழுக்க குறிச்சு வைங்க. ஃபர்னஸ் கதவு திறக்குற நேரமும் ரீடிங் நகருற நேரமும் ஒத்துப்போச்சுன்னா வேற சாட்சி வேணாம். டிஸ்ப்ளே கருக்குறது எல்சிடிக்கு சூடு அதிகமானா வர்றதுதான், ஆறினதும் பெரும்பாலும் திரும்பிடும், அதுக்காக மாத்த வேணாம். ஆனா அத ஒரு எச்சரிக்கையா எடுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணா, நாங்க டிரான்ஸ்மிட்டர செராமிக் உல் போட்டு நல்லா சுத்தி, மேல அலுமினியம் கிளாடிங்கும் அடிச்சோம். ஒரு வாரம் நல்லாருந்துச்சு, அப்புறம் முன்னவிட மோசம். ஏன்?

பதில்: இத மட்டும் நிறைய பேர் பண்றாங்க தம்பி, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். கம்பளி போர்த்தினா குளிர் தாங்கும், வெயில்ல போர்த்திட்டு நின்னா என்ன ஆகும்? உல் சூட்டைத் தடுக்காது, மெதுவாக்கும், அவ்வளவுதான். ஃபர்னஸ் ராத்திரி பகலா ஓடுது, அப்ப எவ்வளவு மெதுவா வந்தாலும் ஒருநாள் உள்ள வந்து சேந்துடும். அதுக்கு மேல டிரான்ஸ்மிட்டருக்குன்னு சொந்த சூடு கொஞ்சம் இருக்கு, இம்பல்ஸ் லைன் (ப்ராசஸ்லருந்து பிரஷர டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டு வர்ற சின்ன பைப்) வழியா ப்ராசஸ் சூடு வேற வருது, முன்னாடி இதெல்லாம் காத்துல போயிட்டு இருந்துச்சு, இப்ப நீங்க கதவ சாத்திட்டீங்க. உல்லை கழட்டிருங்க.

வேண்டியது நிழல். டிரான்ஸ்மிட்டருக்கும் சூட்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிசு தகடு, டிரான்ஸ்மிட்டர தொடாம ரெண்டு மூணு இன்ச் இடைவெளி விட்டு, மேலயும் கீழயும் திறந்து, அப்பதான் தகடு சூடானாலும் நடுவுல இருக்குற காத்து சூடாகி மேல ஏறிப் போய் கீழருந்து புதுசா காத்து வரும். ஃபர்னஸ் பக்கம் மட்டும் மறைச்சாப் போதும், எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும், கவரைக் கழட்ட கை போகணும் இல்லையா. எந்தத் தகடுன்னா மங்கலான இரும்புத் தகடு ஒண்ணு நடுவுல நின்னாலே, காத்து உதவியை விட்டுட்டுக் கணக்குப் போட்டாக்கூட, வர்ற அனல் பாதியாகும், ரெண்டு தகடு நின்னா மூணுல ஒரு பங்கு. பளபளன்னு இருக்குற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ அலுமினியமோன்னா ஒரே தகட்டுல கதை வேற. எமிசிவிட்டி, அதாவது ஒரு பரப்பு அனலை எவ்வளவு விடும், உறிஞ்சும்ங்கற அளவு (முழுக் கருப்புக்கு 1), தகட்டுக்கு 0.1ன்னு எடுத்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் 0.9 இருக்குற மங்கலான பரப்புக்கு நடுவுல ஒரு தகடு நிக்குதுன்னு கணக்குப் போட்டா பதினாறுல ஒரு பங்குதான் கடந்து போகுது.

"தூசி படிஞ்சா பளபளப்பு போயிடுமே"ன்னு கேப்பீங்க. போகும், ஃபர்னஸ் பக்கம் ஒரு மாசத்துல கருத்துடும். ஆனா இங்கதான் ஒரு நல்ல விஷயம் இருக்கு, தகட்டோட உள்பக்கம், டிரான்ஸ்மிட்டர பார்க்குற பக்கம், பளபளப்பாவே இருந்துச்சுன்னா அது அனலை வெளிய விடறதே கம்மி. வெளிப்பக்கம் முழுக்க கரி பிடிச்சு உள்பக்கம் மட்டும் சுத்தமா இருந்தாக்கூட அதே கணக்குல ஒன்பதுல ஒரு பங்குதான் வரும். அதனால துடைக்கப் போறவங்க முன்பக்கத்தோட நிறுத்திடாம பின்பக்கத்தையும் துடைங்க, சொல்லப்போனா பின்பக்கம்தான் முக்கியம், ஆனா ஒருத்தரும் அங்க எட்டிப் பாக்கறது இல்ல. ரெண்டு தகடு வெக்க இடம் இருந்தா நடுவுல இடைவெளி விட்டு ரெண்டு வைங்க, வெளித்தகடு அழுக்க வாங்கிக்கும், உள்தகடு தப்பிச்சுக்கும்.

இன்னொண்ணு. தகட்டை ஃபர்னஸ் ஸ்ட்ரக்சர்லயே வெல்டு பண்ணி, அதே ஸ்டாண்டுல டிரான்ஸ்மிட்டரையும் மாட்டிடாதீங்க, சூடு ஸ்டாண்டு வழியா நடந்தே வந்துடும்.

கேள்வி: ஹவுசிங்குக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சா அனல் திரும்பிப் போயிடும்ல? வெயிலுக்கு எல்லாரும் அதானே பண்றாங்க?

பதில்: வெயிலுக்கு சரி, ஃபர்னஸுக்கு வேலைக்கு ஆகாது. வெயிலோட பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமாவும் அதுக்கு ஒட்டின இன்ஃப்ராரெட்டாவும் வருது, அத வெள்ளை நல்லா திருப்பி விடும். 600 டிகிரி பரப்பு விடுற அனலோட உச்சம் 3.3 மைக்ரான்ல, 300 டிகிரின்னா 5 மைக்ரான்ல இருக்கு, அந்த அலை நீளத்துக்குப் போகப் போக வெள்ளை பெயின்டும் கருப்பு பெயின்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், ரெண்டும் 0.9 சுமாருக்கு உறிஞ்சும். வெள்ளையா இருக்கேன்னு கண்ணு நம்பும், அனல் நம்பாது. அலுமினியம் பெயின்ட் பரவாயில்ல, ஆனா பளபளப்பான வெறும் தகட்டுக்குப் பக்கத்துல கூட வராது.

கேள்வி: பாய்லர் டிரம்ல தண்ணி மட்டம் பாக்குற டிபி டிரான்ஸ்மிட்டர், அதாவது ரெண்டு பக்க பிரஷர் வித்தியாசத்த அளக்குறது. அதோட வெட் லெக், அதாவது டிரம்மோட மேல்பக்கத்துலருந்து வர்ற, தண்ணி நிரம்பி நிக்கிற குழாய், ஒரு சூடான டக்ட் (காத்தோ புகையோ போற பெரிய குழாய்) ஓரமா போகுது. லோடு ஏறும்போதெல்லாம் லெவல் கொஞ்சம் கூடக் காட்டுது. டிரான்ஸ்மிட்டர் இருக்குற இடம் குளுகுளுன்னு இருக்கு. ரெண்டு தடவை கேலிபரேஷன் (தெரிஞ்ச அளவோட ஒப்பிட்டு சரிபார்க்குறது) பண்ணியாச்சு, பர்ஃபெக்ட். எங்க சார் தப்பு?

பதில்: டிரான்ஸ்மிட்டர விடுங்க, அது தனக்கு வர்ற பிரஷர சரியாத்தான் அளக்குது. உங்க வெட் லெக்தான் குத்தவாளி. அந்த லெக்ல நிக்கிற தண்ணி 25 டிகிரில இருந்தா ஒரு கன மீட்டருக்கு 997 கிலோ, 85 டிகிரி ஆச்சுன்னா 969 கிலோகிட்ட. ரெண்டு டேப்பிங்குக்கும் (டிரம்ல குழாய் சேர்ற இடம்) நடுவுல 3 மீட்டர் உயரம்னு வெச்சுக்கிட்டா இந்த எடை வித்தியாசம் மட்டுமே சுமார் 85 மிமீ தண்ணி அளவு, அதாவது கிட்டத்தட்ட 3 சதவீதம். பெஞ்ச்ல எத்தனை தடவை கேலிபரேஷன் பண்ணாலும் இது வராது, ஏன்னா பெஞ்ச்ல டக்ட் இல்ல.

இது எந்தப் பக்கம் தப்புங்கறதுதான் பயப்பட வேண்டியது. வெட் லெக் லேசாச்சுன்னா அது சேர்ற லோ சைடுல பிரஷர் குறையுது, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் குறுகி, உள்ள தண்ணி இருக்கறத விட அதிகமா இருக்குற மாதிரி காட்டுது. டிரம்ல தண்ணி குறைஞ்சுகிட்டே போகும், ஸ்கிரீன்ல எல்லாம் நல்லாருக்கும். லெக் 100 டிகிரிக்கு மேல சூடாகியிருந்து, பிரஷர் திடீர்னு விழுந்து அதுல தண்ணி கொதிச்சு ஆவியாச்சுன்னா 3 சதவீதத்தோடவும் நிக்காது.

அதனால முதல்ல டக்டுக்கும் லெக்குக்கும் நடுவுல தகடு. அடுத்த ஷட்டவுன்ல லைனையே டக்ட விட்டு விலக்கிப் போடுங்க, ரெண்டு லைனும் பக்கத்து பக்கத்துல ஒண்ணா கட்டின மாதிரி ஒரே பாதையில வரணும், சூடானா ரெண்டும் சேர்ந்து சூடாகட்டும். வெட் லெக்கோட உச்சில இருக்குற கண்டென்ஸேட் பாட்டுக்கு (சின்ன குடுவை) மட்டும் இன்சுலேஷன் போட்டுடாதீங்க, ஆவி தண்ணியாகுறதே அங்கதான். கேப்பிலரி வெச்ச டயஃப்ரம் சீல், அதாவது மெல்லிசு தகட்டுல வாங்குற பிரஷர ஆயில் நிரப்பின நூல் குழாய் வழியா அனுப்புற அமைப்பு, வெச்சிருக்குறவங்களுக்கும் இதே கதைதான், ஒரு பக்க கேப்பிலரி மேல மட்டும் அனல் விழுந்தா உள்ள இருக்குற ஆயில் விரிஞ்சு ஜீரோ நகரும், டயஃப்ரம் சின்னதா இருந்தா இன்னும் அதிகமா நகரும்.

கேள்வி: 85 வரை தாங்கும்னா 75ல ஓட்டினா என்ன? லிமிட்டுக்குள்ளதானே?

பதில்: ஓடும். எத்தனை நாள்ங்கறதுதான் கேள்வி. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் மாதிரி பாகங்களுக்கு 10 டிகிரி ஏறினா ஆயுசு பாதியாகும்னு ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கு. அந்தக் கணக்குப்படி 45ல ஓடுறத 75ல ஓட்டினா எட்டுல ஒரு பங்கு. அதுக்குள்ள அக்யூரசி வேற, டேட்டா ஷீட்ல முதல் வரில பெருசா போட்ட அக்யூரசி நம்பர் ரெஃபரன்ஸ் கண்டிஷனுக்கு, ஆம்பியன்ட் டெம்பரேச்சர் எஃபெக்ட்னு கீழ தனியா ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் 28 டிகிரி மாற்றத்துக்கு இவ்வளவுன்னு, அதப் படிங்க.

கேள்வி: தெர்மோகப்பிள் (ரெண்டு உலோகக் கம்பி சேர்ந்த டெம்பரேச்சர் சென்சார்) தலைல இருக்குற ஹெட் பெட்டியிலேயே டிரான்ஸ்மிட்டர் வெச்சிருக்கோம், ஃபர்னஸ் கூரை மேல. வருஷத்துக்கு ரெண்டு மூணு போகுது.

பதில்: அங்க எலக்ட்ரானிக்ஸ் வெக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஹெட்ல டெர்மினல் பிளாக் மட்டும் இருக்கட்டும், டிரான்ஸ்மிட்டர கீழ குளிர்ச்சியான பேனலுக்குக் கொண்டு போங்க. ஆனா நடுவுல இழுக்குற கேபிள் எதுன்னு பாத்து வாங்குங்க. கே டைப் தெர்மோகப்பிளுக்கு, அதே உலோகத்துல செஞ்ச எக்ஸ்டென்ஷன் கேபிள்னா ஹெட் 200 டிகிரி வரை கணக்கு சரியா வரும், வேற உலோகத்துல செஞ்ச காம்பன்சேட்டிங் கேபிள்ல ஒரு வகைக்கு 100 டிகிரியோட முடிஞ்சுது, அதுக்கு மேல ஹெட் சூடானா தெர்மோகப்பிள் நல்லாருந்தும் ரீடிங் தப்பா வரும், நீங்க தெர்மோகப்பிள மாத்திக்கிட்டே இருப்பீங்க.

கேள்வி: வால்வு பக்கத்துல பொசிஷனர் (வால்வு எவ்வளவு திறக்கணும்னு நிறுத்துறது), சோலனாய்டு (கரண்ட்ல ஏர திறந்து மூடுற சின்ன வால்வு), கேபிள் எல்லாம் சேர்ந்து வேகுது. எதுல ஆரம்பிக்கிறது?

பதில்: கேபிள்ல. சாதா பிவிசி 70 டிகிரி, எக்ஸ்எல்பிஇ 90, சிலிக்கான் 180, டெஃப்லான் வகை 260. மொத்த ஓட்டத்தையும் மாத்த வேணாம், கடைசி சில மீட்டர் மட்டும் சிலிக்கான் போட்டு ஜங்ஷன் பாக்ஸ நிழலான இடத்துக்கு நகர்த்துங்க. சோலனாய்டு எப்பவும் எனர்ஜைஸ்ல இருந்தா தானே சூடாகும், வெளிச்சூடும் சேந்தா காயில் கருகும், குறைஞ்ச வாட்டேஜ் காயில், எஃப் அல்லது ஹெச் கிளாஸ் (சூடு தாங்குற இன்சுலேஷன் தரம்) கேளுங்க, உள்ள இருக்குற ரப்பர் நைட்ரைலா, இல்ல சூடு அதிகம் தாங்குற வைட்டன் (Viton) வகையான்னும் கேளுங்க. அத வால்வு மேலயே மாட்டணும்னு சட்டம் இல்ல, ட்யூப் இழுத்து தள்ளி வெக்கலாம், டிரிப் டைம் (ஆபத்துல வால்வு மூட ஆகுற நேரம்) கூடாம மட்டும் பாத்துக்கோங்க. பொசிஷனர்லயும் சென்சார் மட்டும் வால்வுல, பாடி தள்ளி சுவர்லன்னு ரிமோட் மாடல் கிடைக்குது.

கேள்வி: டிரான்ஸ்மிட்டர் பெட்டிய குளிர வைக்க கம்ப்ரஸ்டு ஏர்ல ஓடுற வோர்டெக்ஸ் கூலர் வாங்கலாமா? இல்ல சுத்தி தண்ணி ஓடுற வாட்டர் ஜாக்கெட்டா?

பதில்: தகடு போட்டுப் பாத்து, தள்ளி வெச்சுப் பாத்து, அப்பவும் முடியலைன்னாதான். வோர்டெக்ஸ் ட்யூப் நல்ல சாமான், உள்ள சுத்துற பாகமே கிடையாது, கம்ப்ரஸ்டு ஏர் உள்ள சுழன்று ஒரு முனையில சூடாவும் இன்னொரு முனையில ஜில்லுனும் வரும், பெட்டிக்குள்ள பிரஷர் கொஞ்சம் கூட இருக்கறதால தூசியும் வராது. ஆனா ஏர் நிறைய குடிக்கும், எண்ணெய், ஈரம் இல்லாத ஏரா இருக்கணும். எனக்கு இதுல பிடிக்காதது ஒண்ணுதான், ஏர் நின்ன அந்த நிமிஷமே மூடின பெட்டி அடுப்பாயிடும், அதுவும் ஏர் போறது வழக்கமா பிளான்ட்ல ஏற்கனவே வேற ஏதோ பிரச்சனை ஓடிட்டு இருக்கும்போதுதான். அதனால கூலர் வெச்சாலும் வெளிய தகடு இருக்கணும், எலக்ட்ரானிக்ஸ் டெம்பரேச்சருக்கு ஒரு அலாரமும் கன்ட்ரோல் ரூமுக்குப் போகணும்.

வாட்டர் ஜாக்கெட் பைரோமீட்டருக்கும் (அனலைப் பார்த்தே டெம்பரேச்சர் சொல்ற கருவி) ஃபர்னஸ் கேமராவுக்கும் சரி, அதுங்களால சூட்டப் பாக்காம இருக்க முடியாதே. ரொம்ப குளிர்ந்த தண்ணி விட்டா லென்ஸ்ல பனி படியும், அப்புறம் டெம்பரேச்சர் குறைவா காட்டுதுன்னு ஃபர்னஸ் ஆபரேட்டர் ஃபயரிங்க ஏத்துவார். தண்ணி பனிப்புள்ளிக்கு மேல இருக்கட்டும், லென்ஸுக்கு முன்னாடி ஏர் பர்ஜ் ஓடட்டும்.

கேள்வி: எங்களோடது ஹசார்டஸ் ஏரியா, வெடிக்கிற கேஸ் இருக்கக்கூடிய இடம். ஷீல்டு போட சர்டிஃபிகேட்ல எதுவும் பிரச்சனை வருமா?

பதில்: தனியா நிக்கிற தகட்டால சர்டிஃபிகேட்டுக்கு ஒண்ணும் ஆகாது, ஹவுசிங்ல ஓட்டை போட்டு தகடு மாட்டினீங்கன்னா போச்சு. நேம் பிளேட்ட ஒரு தடவை படிங்க. கருவியோட பரப்பு எவ்வளவு வரை சூடாகலாம்ங்கற வகுப்புதான் டி4, டி6 (டி6 கடுமையானது); ஒரே டிரான்ஸ்மிட்டருக்கு டி4க்கு ஒரு ஆம்பியன்ட் (சுத்துப்புற சூடு) லிமிட், டி6க்கு அதவிடக் கம்மியா இன்னொண்ணு போட்டிருப்பான், டி6ல 40 டிகிரின்னு கூட பாத்திருக்கேன். அங்க 85ங்கற நம்பருக்கு வேலையே இல்ல. தகட்டை மேல மூடின பெட்டி மாதிரி செஞ்சுடாதீங்க, கேஸ் தங்கும்.

கேள்வி: தகடு போட்டோம், ஐஆர் கன் வெச்சு அடிச்சா தகடு 60 டிகிரின்னு காட்டுது, தொட்டவன் கை பொத்துப் போச்சு. கன் ரிப்பேரா?

பதில்: முதல்ல கைக்கு வைத்தியம் பாருங்க. கன் நல்லாத்தான் இருக்கு. பளபளப்பான தகடு தன்னோட அனலை விடறது கம்மி, எதிர்ல இருக்குறத கண்ணாடி மாதிரி காட்டும், உங்க கன் படிச்சது தகட்டுல பிரதிபலிச்ச, உங்களுக்குப் பின்னாடி இருக்குற குளிர்ந்த சுவர. அதே தகட்டை ஃபர்னஸ் பிரதிபலிக்கிற கோணத்துல அடிச்சா இருக்கறத விட பயங்கரமா காட்டும். தகட்டு ஓரத்துல ஒரு கட்டைவிரல் அளவுக்கு சூடு தாங்குற கருப்பு பெயின்ட் அடிச்சு அதுல மட்டும் கன் வைங்க, எமிசிவிட்டி செட்டிங் 0.95ல இருக்கட்டும். டிரான்ஸ்மிட்டருக்கு என்ன ஆச்சுங்கறத கன்ல பாக்காதீங்க, எலக்ட்ரானிக்ஸ் டெம்பரேச்சர் தகடு போடறதுக்கு முன்ன எவ்வளவு, பின்ன எவ்வளவு, ஃபர்னஸ் லோடு ஒரே மாதிரி இருந்தப்ப எடுத்தீங்களான்னு பாருங்க.

கேள்வி: இதே ஷீல்டு தீ பிடிச்சாலும் ஷட்டவுன் வால்வக் காப்பாத்துமா?

பதில்: காப்பாத்தாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. எண்ணெய்த் தீன்னா தீ நாக்கே சுத்தி வளைக்கும், நேர் பார்வைய மறைச்சு பிரயோஜனம் இல்ல. எண்ணெய்த் தீய மனசுல வெச்சு பண்ற யுஎல் 1709 டெஸ்ட்ல 5 நிமிஷத்துக்குள்ள 1093 டிகிரிக்குக் கொண்டு போவாங்க, அலுமினியத் தகடு 660லயே உருகிடும். ஆக்சுவேட்டருக்கு (வால்வ இயக்குற பாகம்) அதுக்குன்னே டெஸ்ட் பண்ணின ஃபயர்ப்ரூஃப் ஜாக்கெட்டோ பெட்டியோ வேணும், வால்வு மூடற வரைக்கும் தாங்கினாப் போதும்னு நிமிஷக் கணக்குலதான் வாங்குவாங்க. அந்த ஜாக்கெட் சாதாரண நாள்ல உள்ள இருக்குற சோலனாய்ட வேக வைக்கும்ங்கறதையும் வாங்கும்போதே கேட்டுக்கோங்க, சோலனாய்ட ஜாக்கெட்டுக்கு வெளிய வெக்க முடியுமான்னு சேர்த்து.